முதல் உலகப் போருக்கு முன் பேரரசுகளின் பலக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914இல் வெடித்த போரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "ஒரு இளவரசரைச் சுட்டார்கள், உலகமே எரிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தைய 40 ஆண்டுகளில் ஐரோப்பியப் பேரரசுகளுக்குள் யார் யாரோடு சேர்ந்தார்கள், யாருக்கு யார் மேல் பயம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பள்ளிப் பாடத்தோடு நின்றுபோனவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

வல்லரசுச் சமநிலை என்று சொல்கிறார்களே, அது என்ன?

எந்த ஒரு அரசும் மற்ற எல்லோரையும் மிரட்டும் அளவுக்கு வளர்ந்துவிடக் கூடாது, வளர்ந்தால் மற்றவர்கள் சேர்ந்து தடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. யாரும் சட்டமாக எழுதிவைத்ததில்லை. நெப்போலியன் தோற்ற பிறகு, 1815 முதல், பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய ஐந்தும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் நடந்துகொண்டன. இடையில் கிரிமியா போல போர்கள் வந்தன. ஆனால் கண்டம் முழுவதும் சேர்ந்து எரியவில்லை.

1871 ஏன் இவ்வளவு முக்கியம்?

அதுவரை ஐரோப்பாவின் நடுவில் சின்னதும் பெரியதுமாகப் பல ஜெர்மன் அரசுகள் சிதறிக் கிடந்தன. பிரஷ்யா அவற்றை ஒன்றாக்கி, பிரான்ஸைப் போரில் தோற்கடித்து, 1871 ஜனவரி 18 அன்று பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையிலேயே ஜெர்மன் பேரரசை அறிவித்தது. தோற்றவர் வீட்டுக் கூடத்தில் வென்றவர் முடிசூடிக்கொள்வது எப்படிப்பட்ட அவமானம் என்று விளக்க வேண்டியதில்லை. அதோடு பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருந்த அல்சேஸ்-லொரைன் பகுதி ஜெர்மனியிடம் பறிபோனது. 500 கோடி பிராங்க் இழப்பீடும் கட்ட வேண்டியிருந்தது.

பணத்தை பிரான்ஸ் சீக்கிரமே கட்டி முடித்தது. நிலத்தை மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெர்மனிக்கு எதிரான எந்தக் கூட்டணியிலும் பிரான்ஸ் இருக்கும் என்பது முன்கூட்டியே உறுதியாகிவிட்டது.

இன்னொரு பக்கம் ஜெர்மனியின் வளர்ச்சி. 1871இல் சுமார் 4.1 கோடியாக இருந்த மக்கள்தொகை 1914இல் 6.7 கோடியைத் தாண்டியது. அதே காலத்தில் பிரான்ஸ் 4 கோடியை ஒட்டியே நின்றுவிட்டது. எஃகு உற்பத்தியில் 1913 வாக்கில் ஜெர்மனி பிரிட்டனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய ஐவர் கணக்கில் இப்படி ஒரு ராட்சதனுக்கு இடமே இல்லை.

ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் இருந்தவரை எப்படிச் சமாளித்தார்?

பிரான்ஸுக்குத் துணை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஐந்து வல்லரசுகள் உள்ள உலகத்தில் மூவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1879இல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடு ஒப்பந்தம், 1882இல் இத்தாலியையும் சேர்த்து முத்தரப்புக் கூட்டணி, 1887இல் ரஷ்யாவோடு ரகசியமாக ஒரு மறுகாப்பீட்டு ஒப்பந்தம் (போர் வந்தால் நடுநிலையாக இருப்போம் என்ற பரஸ்பர உறுதி). ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேரையும் கையில் வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஒரே ஆளின் சாமர்த்தியத்தில் நின்றது. 1890 மார்ச்சில் இளம் கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம் அவரை வீட்டுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் ரஷ்ய ஒப்பந்தம் காலாவதியானது. ரஷ்யா நீட்டிக்கத் தயாராக இருந்தும் பெர்லின் வேண்டாம் என்றது.

அந்த ஒரு முடிவு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடுத்து வந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தைச் சிக்கலான பழைய காகிதம் என்று ஒதுக்கினார்கள். நாலே ஆண்டில் விளைவு தெரிந்தது.

குடியரசான பிரான்ஸும் ஜார் ஆளும் ரஷ்யாவும் எப்படிச் சேர்ந்தன?

பயமும் பணமும்தான். 1891இல் பிரெஞ்சுக் கடற்படை ரஷ்யாவின் குரோன்ஸ்டாட் துறைமுகத்துக்கு வந்தது. ரஷ்யாவில் தடைசெய்யப்பட்டிருந்த மார்செய்யேஸ் புரட்சிப் பாடலை, பிரான்ஸின் தேசிய கீதம் என்பதால், அங்கே இசைத்தார்கள். ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். முடியாட்சியைக் கவிழ்க்கப் பிறந்த பாட்டுக்கு ஒரு சர்வாதிகார மன்னர் மரியாதை செய்தார் என்றால், ஜெர்மனி மேல் எவ்வளவு கவலை இருந்திருக்க வேண்டும்!

1892இல் ராணுவ உடன்படிக்கை எழுதி, 1894இல் உறுதிசெய்தார்கள். பிரெஞ்சுச் சேமிப்பாளர்களின் பணம் ரஷ்யக் கடன் பத்திரங்களாக மாறியது. 1914இல் பிரான்ஸ் வெளிநாடுகளில் போட்டிருந்த முதலீட்டில் ஏறக்குறைய கால் பங்கு ரஷ்யாவில் இருந்தது. ஜெர்மனிக்கு இப்போது மேற்கிலும் எதிரி, கிழக்கிலும் எதிரி.

பிரிட்டன் ஏன் தன் பழைய எதிரிகளான பிரான்ஸோடும் ரஷ்யாவோடும் கைகோத்தது?

பிரிட்டன் வெகுகாலம் யாரோடும் சேராமல், கடலை மட்டும் நம்பி இருந்தது. 1898இல்கூட சூடானின் ஃபஷோடாவில் பிரான்ஸோடு போர் மூளும் நிலை. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், தென்னாப்பிரிக்காவின் சிறிய குடியரசுகளை அடக்கவே பிரிட்டன் திணறியபோதுதான் லண்டனில் பலருக்குக் கண் திறந்தது. உலகம் பூராவும் சொத்து, எல்லா இடத்திலும் காவல் காக்க ஆள் இல்லை.

முதலில் 1902 ஜனவரியில் ஜப்பானோடு ஒப்பந்தம். கிழக்காசியக் கடலை ஜப்பான் பார்த்துக்கொண்டால் கப்பல்களைத் தாய்நாட்டுப் பக்கம் கொண்டுவரலாம். 1904 ஏப்ரலில் பிரான்ஸோடு நட்புடன்பாடு: எகிப்து எனக்கு, மொராக்கோ உனக்கு என்றது பிரிட்டன். 1907 ஆகஸ்டில் ரஷ்யாவோடு: பாரசீகத்தின் வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கில், தென்கிழக்கு பிரிட்டன் செல்வாக்கில், நடுவில் பொதுப் பகுதி. ஆப்கானிஸ்தானுக்கும் திபெத்துக்கும் தனித்தனி ஏற்பாடு.

இந்த ஒப்பந்தங்களைப் படிக்கும்போது என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பாரசீகத்தைப் பங்கு போட்டபோது பாரசீகர்களைக் கேட்கவில்லை. 1906இல்தான் அவர்கள் போராடி ஒரு நாடாளுமன்றத்தை வாங்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் அமைதி காக்கப்பட்டது என்று புத்தகங்கள் சொல்லும் காலம், மற்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

1907 ஒப்பந்தத்தை ஜெர்மனிக்கு எதிரானது என்று மட்டும் படிப்பதும் தவறு. இந்தியாவின் வடமேற்கு எல்லையை ரஷ்யாவிடமிருந்து காப்பாற்ற ஆகும் செலவு லண்டனை வாட்டியது. ரஷ்யாவை எதிர்ப்பதைவிட நண்பனாக வைத்திருப்பது மலிவு.

ஜெர்மன்-பிரிட்டிஷ் கப்பல் போட்டிதான் போருக்குக் காரணமா?

உறவைக் கெடுத்தது அதுதான். போரைக் கொண்டுவந்தது அதுவல்ல.

1898, 1900 கடற்படைச் சட்டங்கள் மூலம் ஜெர்மனியின் அட்மிரல் டிர்பிட்ஸ் பெரிய போர்க்கப்பல் படை கட்டத் தொடங்கினார். உணவுக்கே கடல்வழியை நம்பியிருக்கும் தீவு நாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பதிலாக பிரிட்டன் இறக்கியதுதான் 'டிரெட்நாட்' என்ற போர்க்கப்பல். 1905 அக்டோபரில் போர்ட்ஸ்மத்தில் அடித்தளம் போட்டு, 1906 பிப்ரவரி 10 அன்றே நீரில் இறக்கிவிட்டார்கள். 12 அங்குலப் பீரங்கி 10, நீராவி டர்பைன், 21 நாட் வேகம். அதற்கு முந்தைய போர்க்கப்பல்களில் பெரிய பீரங்கி வழக்கமாக நாலுதான். ஒரே நாளில் உலகத்தின் எல்லாப் போர்க்கப்பல்களும் பழசாகிவிட்டன. பிரிட்டனுடைய சொந்தக் கப்பல்களும் சேர்த்துத்தான். ஆக, பிரிட்டன் அதுவரை சேர்த்துவைத்திருந்த முன்னிலை குறைந்து, ஜெர்மனியும் கிட்டத்தட்ட அதே கோட்டில் நின்று ஓடத் தொடங்க முடிந்தது.

பெரிய கப்பல்கள் போக ஜெர்மனி, வடகடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயையே அகலப்படுத்த வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்தது 1914 ஜூனில்.

ஆனால் 1912 வாக்கில் போட்டியில் பிரிட்டன் தெளிவாக முந்திவிட்டது. ஜெர்மனி தன் பணத்தைத் தரைப்படை பக்கம் திருப்பியது. 1914 ஜூன் இறுதியில் பிரிட்டிஷ் கப்பல்கள் கீல் துறைமுகத்துக்கு நட்புப் பயணமாக வந்து நின்றிருந்தன. ஆஸ்திரிய இளவரசர் சரயேவோவில் சுடப்பட்ட செய்தி வந்தபோது கெய்சர் அங்கேதான் படகுப் போட்டியில் இருந்தார்.

மொராக்கோ நெருக்கடிகளில் என்ன நடந்தது?

பிரிட்டன்-பிரான்ஸ் நட்பை உடைத்துப் பார்க்கலாம் என்று ஜெர்மனி இரண்டு முறை முயன்றது. 1905 மார்ச் 31 அன்று கெய்சரே டான்ஜியரில் போய் இறங்கி, மொராக்கோவின் சுதந்திரத்துக்கு ஆதரவு என்றார். 1911 ஜூலையில் 'பாந்தர்' என்ற சிறு போர்க்கப்பலை அகாதிர் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு முறையும் பலன் தலைகீழ்: பிரிட்டனும் பிரான்ஸும் இன்னும் நெருங்கின. இரண்டு ராணுவங்களின் அதிகாரிகளும் ரகசியமாகப் பேசத் தொடங்கினார்கள். 1912இல் பிரெஞ்சுக் கடற்படை பெரும்பாலும் மத்தியதரைக் கடலுக்கு நகர, பிரான்ஸின் வடகடற்கரை பிரிட்டனை நம்பி நின்றது. எழுத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் இப்படி நம்பி நின்ற பிறகு கைவிடுவது எளிதா?

பால்கன் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் ஆனது?

துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது விட்டுச்செல்லும் இடம் யாருக்கு என்பதே கேள்வி.

ஆஸ்திரியா 1878 முதல் நிர்வகித்துவந்த போஸ்னியாவை 1908 அக்டோபரில் தன்னோடு இணைத்துக்கொண்டது. செர்பியா கொதித்தது, ரஷ்யா எதிர்த்தது. 1905இல் ஜப்பானிடம் தோற்று, உள்நாட்டிலும் புரட்சி கண்டிருந்த ரஷ்யா போர் புரியும் நிலையில் இல்லை. 1909 மார்ச்சில் ஜெர்மனி கறாராகக் கேட்டதும் பணிந்தது. இனி ஒரு முறை இப்படிப் பணிய மாட்டோம் என்ற வைராக்கியம் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்கில் அப்போது பிறந்தது. 1914ஐப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம்.

1911இல் இத்தாலி லிபியாவைப் பிடிக்க ஒட்டோமான்கள் மேல் பாய்ந்தது. அது கொடுத்த துணிச்சலில் 1912இல் செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மாண்டினீக்ரோ நாலும் சேர்ந்து ஐரோப்பாவிலிருந்து ஒட்டோமான்களை ஏறக்குறைய வெளியேற்றின. அப்புறம் 1913இல் பங்கு பிரிப்பதில் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டன. முடிவில் செர்பியாவின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தன் எல்லைக்குள்ளேயே லட்சக்கணக்கான தென் ஸ்லாவியர்களை (செர்பியர்களின் இன உறவினர்களை) வைத்திருந்த ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு இதைவிடக் கலவரமூட்டும் செய்தி வேறில்லை.

ரஷ்யாவின் கவலை வேறு: கருங்கடலிலிருந்து வெளியே போகும் ஜலசந்தி. அதன் தானிய ஏற்றுமதி அந்த வழியாகத்தான் போக வேண்டும். 1912இல், இத்தாலியப் போரின்போது, ஒட்டோமான்கள் அதைச் சில வாரம் மூடியபோதே ரஷ்ய வணிகம் ஆடிப்போனது. 1913 இறுதியில் ஒரு ஜெர்மன் தளபதி, லிமான் ஃபான் சாண்டர்ஸ், இஸ்தான்புல் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க வந்தார். ஒட்டோமான்களுக்காக பிரிட்டனில் இரண்டு டிரெட்நாட் வகைக் கப்பல்களும் தயாராகிக்கொண்டிருந்தன. நம் கழுத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்று ரஷ்யா நினைத்ததில் வியப்பில்லை.

1914இல் ஜெர்மனி வலுவாகத்தானே இருந்தது? பிறகு எதற்குப் பயம்?

கேள்விகளிலேயே முக்கியமானது இது. இன்றைய பலத்தை மட்டும் அளந்தால் பதில் கிடைக்காது. அன்றைக்கு முடிவெடுத்தவர்கள் பார்த்தது நாளைய பலத்தை.

ஜப்பானிடம் அடிவாங்கிய ரஷ்யா வேகமாக எழுந்தது. சுமார் 17 கோடி மக்கள், வளரும் தொழில். 1914இல் நிறைவேறிய 'பெருந்திட்டம்' 1917க்குள் அமைதிக்காலப் படையில் 4,70,000 பேர் அளவுக்குக் கூட்ட வழிசெய்தது. பிரெஞ்சுக் கடனில் மேற்கு எல்லை நோக்கி ரயில் பாதைகள் போடவும் ஏற்பாடு. ஜெர்மனியின் போர்த் திட்டமே ரஷ்யா மெதுவாகத்தான் படை திரட்டும் என்ற நம்பிக்கையில் நின்றது: முதல் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்புவது. ரஷ்ய ரயில் வேகமாக ஓடத் தொடங்கினால் அந்தத் திட்டம் குப்பைக்குப் போகும்.

ஜெர்மனி சும்மா இருக்கவில்லை. 1913இல் படையில் சுமார் 1,36,000 பேரைக் கூட்டியது. உடனே பிரான்ஸ் கட்டாய ராணுவச் சேவையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாக்கியது. ஆனாலும் ரஷ்யா பற்றிய பயம் பெர்லினைத் தின்றது. ஜெர்மன் பிரதமர் பெத்மன் ஹோல்வெக், தன் ஹோஹன்ஃபினோ பண்ணையில் புது மரம் நடுவதில் பயனில்லை, சில ஆண்டுகளில் ரஷ்யர்கள் இங்கே வந்துவிடுவார்கள் என்று சொன்னதாகப் பதிவு உண்டு. தலைமைத் தளபதி மோல்ட்கே 1912 டிசம்பரிலேயே, போர் வருமானால் சீக்கிரம் வருவது நல்லது என்ற கருத்தில் இருந்தார்.

மற்றவர்களும் இதே நோயில்தான் இருந்தார்கள். ஆஸ்திரியா இன்று செர்பியாவை அடக்காவிட்டால் நாளை நாமே சிதறுவோம் என்றது. அதன் தளபதி கான்ராட் 1913இல் மட்டும் 20 முறைக்கு மேல் செர்பியா மீது போர் வேண்டும் என்று வற்புறுத்தினார். ரஷ்யா இன்னொரு முறை பணிந்தால் வல்லரசே இல்லை என்று நினைத்தது. பிரான்ஸ், ரஷ்யா கைவிட்டால் தனியாக ஜெர்மனி முன் நிற்க வேண்டும் என்று அஞ்சியது. பிரிட்டனில் சிலர், ரஷ்யாவைப் பகைத்தால் ஆசியாவில் இந்தியா வரை ஆபத்து என்று கணக்குப் போட்டார்கள்.

எல்லோருக்கும் காலம் தனக்கு எதிராக ஓடுவதாகத் தோன்றியது. எல்லோருமே அப்படி இருக்க முடியாது, யாராவது ஒருவருக்காவது காலம் சாதகமாக இருந்தே தீர வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தன் பலவீனத்தை உள்ளிருந்து பார்த்தார்கள், எதிரியின் பலத்தை வெளியிலிருந்து பார்த்தார்கள். என் பார்வையில், போருக்கு வழிவிட்டது இந்தப் பயம்தான். கூட்டணிகளும் கப்பல்களும் அதற்கு அடுத்தபடிதான்.

கூட்டணி இருந்ததால் எல்லோரும் தானாக இழுக்கப்பட்டார்களா?

இல்லை. முத்தரப்புக் கூட்டணியில் இருந்த இத்தாலி, ஆஸ்திரியாதான் தாக்கியது என்று சொல்லி 1914இல் ஒதுங்கி நின்றது. 1915இல் எதிர்ப்பக்கமே சேர்ந்தது. ருமேனியாவும் அப்படித்தான். பிரிட்டனுக்கு பிரான்ஸோடு கட்டாய ராணுவ ஒப்பந்தமே கிடையாது. ஒவ்வொரு தலைநகரிலும் ஆட்கள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தார்கள். சங்கிலி இழுத்தது என்று சொன்னால் அவர்களுடைய பொறுப்பு மறைந்துபோகிறது.

மன்னர்கள் எல்லாம் உறவினர்கள்தானே?

ஆமாம். கெய்சர் வில்ஹெல்மும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரர்கள். ஜார் நிக்கோலஸின் மனைவியும் அவர் பேத்தி. ஜாரும் ஜார்ஜும் அக்காள் தங்கை பிள்ளைகள். கடைசி நாட்களில் ஜாரும் கெய்சரும் 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசி வாரத்திலாவது நிறுத்தியிருக்க முடியாதா?

முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஆர்ச்ட்யூக் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் கொல்லப்பட்டார். வியன்னாவில் செர்பியா மீது போர் வேண்டாம் என்று தடுத்துவந்த முக்கியமான குரல் அவருடையதுதான் என்பது பெரிய சோகம். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு எதற்கும் துணை நிற்போம் என்று வாக்குக் கொடுத்தது. ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்குக் கெடு விதித்தது; 28 அன்று போர் அறிவித்தது. 30 அன்று ரஷ்யா முழுப் படைத்திரட்டலுக்கு உத்தரவிட்டது.

ஆகஸ்ட் 1 மாலை பெர்லினில் நடந்ததைக் கவனியுங்கள். பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்பதுபோல லண்டனில் இருந்த ஜெர்மன் தூதரிடமிருந்து தந்தி வந்தது. கெய்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்படியானால் படை முழுவதையும் கிழக்கே திருப்புங்கள் என்றார் மோல்ட்கேயிடம். மோல்ட்கே ஆடிப்போனார். லட்சக்கணக்கான ஆட்களை எந்த ரயில், எந்த நிலையத்துக்கு, எந்த நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டும் என்று பல ஆண்டு உழைத்து எழுதிய அட்டவணை அது. இப்போது மாற்றினால் படை என்று ஒன்று இருக்காது, ஒழுங்கில்லாத கூட்டம்தான் இருக்கும் என்றார். இரவில் லண்டனிலிருந்து மறுப்பு வந்தது, அப்படி எந்த வாக்கும் இல்லை என்று. கெய்சர் மோல்ட்கேயை மறுபடி வரவழைத்து, இனி உம் விருப்பம் என்று விட்டுவிட்டார். ஒரு பேரரசின் தலைவரால் தன் படை எந்தத் திசையில் போக வேண்டும் என்றுகூடத் தீர்மானிக்க முடியாத நிலை.

ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. 1839 ஒப்பந்தப்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உறுதி சொன்ன பிரிட்டன் அன்றே போர் அறிவித்தது.

சரி, யார்தான் குற்றவாளி?

வியன்னாவும் பெர்லினும் தெரிந்தே ஆபத்தை ஏற்றன. அந்தப் பொறுப்பைக் குறைக்க முடியாது. ரஷ்யா படைத்திரட்டலில் அவசரப்பட்டது. பிரிட்டன் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லாமல் கடைசி வரை இழுத்தது; அமைச்சரவையே பிளந்து கிடந்ததால் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயால் சொல்ல முடியவில்லை என்பதும் உண்மை. எல்லோருக்கும் சம பங்கு என்பதை நான் ஏற்கவில்லை. ஒரே ஒருவர் என்பதையும் ஏற்கவில்லை.

இவ்வளவு வணிகம் இருந்தும் போர் வந்ததா?

வந்தது. ஜெர்மனியும் பிரிட்டனும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். ஜெர்மன் வணிகக் கப்பல்களில் பலவற்றுக்குக் காப்பீடு கொடுத்ததே லண்டன் லாய்ட்ஸ். கடையை மூடிவிட்டுப் போருக்குப் போவது நஷ்டம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். முடிவெடுத்தவர்கள் வியாபாரிகள் இல்லை.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே உண்டு. சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை ஜெர்மனி 1897இல் பிடித்து, கிழக்காசியக் கப்பல் படைக்குத் தளமாக்கியிருந்தது. 1902 ஒப்பந்தம் காரணமாக ஜப்பான் பிரிட்டன் பக்கம் வரும் என்று தெரிந்ததும் அந்தப் படையால் அந்தப் பக்கக் கடலில் தங்க முடியவில்லை. பெரும்பாலான கப்பல்கள் தென் அமெரிக்கா நோக்கிப் போக, 'எம்டன்' மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து ஏறக்குறைய 130 குண்டுகள் வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது.

அதே செப்டம்பர் இறுதியில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டுக் களங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 60,000க்கும் மேல் இறந்தார்கள். வியன்னா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க், லண்டன் போட்ட கணக்குகளில் இவர்கள் பெயர் எந்த இடத்திலும் கேட்கப்படவில்லை.